அண்ணாவின் முறை

வந்த முதல் நாள் சாயங்காலமே சத்தியநாதனின் முறை அவரைத் தாண்டிப் போய்விட்டது.

ஏழு மணி ஜெபம் அது. ஆம்பூரில் அந்த வீட்டின் ஓடு போய்த் தளம் வந்திருந்தது, கிணறு போய் மோட்டார் வந்திருந்தது, ஏழு மணி ஜெபம் மட்டும் இருந்தபடியே இருந்தது. கூடத்தில் பாய் விரித்து, கண்ணை மூடி, வயதில் சின்னவரில் தொடங்கி ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்ன பிறகு வீட்டுக்காரி முடிவு ஜெபம் செய்வாள். அன்று முதலில் கிரேஸி சொன்னாள். சத்தியநாதனின் தங்கை மகள், டீச்சர் டிரெயினிங் படிக்கிறவள். அடுத்து தங்கை ஜெயபுஷ்பம். அடுத்து அவள் கணவர் கிருபானந்தம், ஷூ கம்பெனியில் டைம்கீப்பர். கடைசி முறை, எல்லாருக்கும் மூத்தவரான சத்தியநாதனுடையது.

அவர் நைரோபியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபத்தேழு வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, அன்று காலைதான் மூன்று பெட்டியும் ஒரு டேப் ரிக்கார்டருமாக ஸ்டேஷனில் இறங்கியிருந்தார். விமானத்திலேயே வசனத்தை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. சின்ன வயதில் அவர் தினமும் சொன்னதும் அதே வசனம்தான்; பக்தியால் அல்ல, இருப்பதிலேயே அதுதான் குட்டி. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

"ஆமென்" என்றார்கள் மூன்று பேரும்.

ஜெயபுஷ்பம் முடிவு ஜெபத்தை ஆரம்பித்தே விட்டாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டார் சத்தியநாதன். பயணக் களைப்பில் ஒரு நிமிஷம் கண் அயர்ந்திருப்போம் என்று நினைத்தார். சாப்பிடும்போது கிருபானந்தம் ரசத்தைப் பிசைந்தபடி சொன்னார்: "இன்னிக்கு நல்லா கணீர்னு இருந்துச்சு."

"எது?"

"வசனம்தான் மச்சான்."

சத்தியநாதன் அப்பளத்தை உடைத்தார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மச்சானை முதல் நாளே கேலி செய்வது இங்கே ஒரு மரியாதை. அது அவருக்கு மறந்துவிடவில்லை.

மறந்துபோனவை வேறு. டேனரி நாற்றத்துக்காக நைரோபியில் ஏங்கியிருக்கிறார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நைரோபியிலும் அவர் டேனரியில்தான் இருந்தார். ஆனால் அந்த நாற்றம் வேறு. இந்த நாற்றத்தில் கடுக்காயும் சுண்ணாம்பும் பாலாற்று மணல் சூடும் கலந்திருக்கும். இப்போது அது ஜன்னல் வழியே வந்ததும் தலை வலித்தது. ராத்திரி ஷிஃப்ட் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்தார். கொசுவலைக்குள் கால் நீட்டினால் சுவர் இடித்தது. அவர் விட்டுப்போன வீட்டைவிட இது ஒரு அடி குட்டையாகிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நசீமுன்னிசா. கணவர் தோல் வியாபாரி.

"இன்னா அண்ணா, நீங்க நேத்துதான் ஃபாரின்லேந்து வந்தீங்கன்னு ஊரே சொல்லுது?"

"ஆமாம்மா. நேத்து காலையிலதான்."

"போங்கண்ணா. நான் கல்யாணம் ஆகி வந்து பன்னெண்டு வருஷமாச்சு. மஃரிப் தொழுகை முடிச்சு அடுப்பு பத்த வெப்பேன், கரெக்டா உங்க கொரல் கேக்கும். ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தைதான், ஆனா தினம் கேக்கும். இத்தினி நாளா மூஞ்சிதான் பாத்ததில்ல." சிரித்துவிட்டு ஈரத் துணியை உதறினாள். "ரொம்ப வெக்கப்படற ஆளுன்னு நெனச்சேன்."

பேஸ்ட் நுரை அவர் முழங்கை வரை வழிந்தது.

அன்று சாயங்காலம் அவர் வாயைத் திறக்கவில்லை. கவனித்தார். கிருபானந்தம் தன் வசனத்தை முடித்தார். மௌனம். டியூப்லைட்டின் சன்னமான ரீங்காரம், சமையலறையில் சொட்டும் குழாய், தூரத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு கூட்ஸ் வண்டி தன் கனத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிற நீண்ட முனகல், இவற்றுக்கெல்லாம் கீழே, அவருடைய இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பேசப்போகிறவன் இழுக்கிற மூச்சு.

"ஆமென்."

கண்ணைத் திறந்து பார்த்தார். இடது பக்கம் பாய் காலியாகத்தான் இருந்தது. அவர்கள் மூவரும் இந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் சொற்கள் கேட்டன. அதே குட்டி வசனம். அவருடைய குரல். ஆனால் சிகரெட் பிடிக்காத, மேலதிகாரிக்கு இங்கிலீஷில் பதில் சொல்லித் தேயாத, சுத்தமான ஆம்பூர்க் குரல். அவர் போகாமலே இருந்திருந்தால் அவருக்கு இருந்திருக்கக்கூடிய குரல்.

அடுத்த நாள் காலை கிருபானந்தம் வேலைக்கும் கிரேஸி படிக்கவும் போன பிறகு, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தங்கையின் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெயா, சாயங்காலம் பேசறது யாரு?"

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்டுச்சா உங்களுக்கு? நல்லதாப் போச்சு. எப்படிச் சொல்றதுன்னு பேஜாரா இருந்துச்சு."

விஷயம் இதுதான். 1955-ல் அவர் கப்பல் ஏறிய அன்று சாயங்காலம் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். சத்தியன் முறையைத் தாண்டக் கூடாது. அவன் வசனம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லாரும் மௌனமாக இருக்க வேண்டும், பிறகு ஆமென் சொல்ல வேண்டும். பாயில் அவன் இடத்தையும் விட்டுவைக்க வேண்டும். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, வந்துவிடுவான். இவர் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வருவதாக எழுதினார். இவர்கள் ஒவ்வொரு நாளும் இடம் விட்டார்கள்.

"அம்மா செத்த அன்னிக்குத்தான் மொதல்ல கேட்டுச்சு. உங்களுக்குத் தந்தி அடிச்சோம், நீங்க அனுதாபத் தந்தி அடிச்சீங்க. அன்னிக்கு சாயங்காலம் பொணத்தைக் கூடத்துல வெச்சிக்கினு ஜெபம் பண்றோம். உங்க முறை வந்துச்சு. சொன்னான்."

"யாரு சொன்னான்?"

"அண்ணா" என்றாள் அவள், வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி.

"ஏன் எனக்கு எழுதல?"

"இன்னான்னு எழுதறது? நீங்க வர வேணாம், வந்தாச்சுன்னா?" ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். "கிரேஸிக்குப் பேச்சு வந்ததே அவன் சொல்றதைக் கேட்டுக் கேட்டுத்தான். மொதல்ல வசனம் மட்டும்தான் சொல்வான். அப்பறம் நாங்க எதுனா கஷ்டத்துல இருந்தா கூட ரெண்டு வார்த்தை சொல்வான். இவருக்கு அல்சர் ஆபரேஷன்னு வேலூர்ல படுத்திருந்தப்ப, பயப்படாத பாப்பா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடுவாருன்னான். வந்துட்டார். அவனால ஒரு தொந்தரவும் இல்ல. சோறு கேக்க மாட்டான், துணி தோய்க்க வேணாம்." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களைச் சொல்லல."

சத்தியநாதனுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தங்கை அவரை நீங்க என்கிறாள். அந்தக் குரலை அவன் என்கிறாள். ஸ்டேஷனில் அவரை வரவேற்ற மூவரின் முகத்திலும் இருந்தது என்ன என்பதும் புரிந்தது. வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுகிற மரியாதை.

அன்று மதியம் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மாதனூர் பஸ் போயிற்று. வேலூர் பஸ் போயிற்று. வேலூரில் இறங்கி என்ன செய்வது? லாட்ஜில் எத்தனை நாள்? நைரோபியில் வொர்க் பெர்மிட் முடிந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு லீவு கிடைத்ததில்லை. உலகத்தில் அவர் போய் உட்காரக்கூடியதாக மிச்சம் இருந்தது ஒரு பாயில் ஒரு இடம், ஒரு வரிசையில் ஒரு முறை. அதில் ஆள் இருக்கிறது. நாலாவது பஸ்ஸும் போன பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கிருபானந்தம் பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தார்கள்.

"கம்பெனியில ஒருத்தன் அட்டெண்டன்ஸ் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணா பிடிச்சி வெளிய அனுப்பிடுவேன் மச்சான். அதுதான் என் வேலை." சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் ஒருமுறை அடித்தார். "ஆனா பதினேழு பதினெட்டு வருஷமா ஒரு நாள்கூட லீவு போடாம வேலை பார்த்தவனை எப்படி அனுப்பறது? யார் ஒரிஜினல்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"நான்தான் சத்தியநாதன்."

"யாரு இல்லன்னாங்க?" என்றார் கிருபானந்தம், மிகவும் பணிவாக.

அந்தப் பணிவுதான் அவரை முடிவெடுக்க வைத்தது. இன்று அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கிருபானந்தம் முடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். முறை அவருடையது. பெயர் அவருடையது. குரலும் அவருடையதுதான்.

ஏழு மணி. வழக்கமாக அந்த நேரத்துக்குப் போகிற கரண்ட்கூட அன்று போகவில்லை. டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. இருட்டு என்று ஒரு மூலைகூட இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள் ஜெயபுஷ்பம். சத்தியநாதன் இன்று பாயில் இடது பக்கமாக நகர்ந்து, விட்டுவைத்திருந்த இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சுட்டது. வெகுநேரம் யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்த இடம் மாதிரி.

கிரேஸி சொன்னாள். ஜெயபுஷ்பம் சொன்னாள். கிருபானந்தம் தன் வசனத்தின் கடைசி வார்த்தைக்கு வந்தார்.

சத்தியநாதன் உரக்கத் தொடங்கினார்.

அதே நொடியில் அதுவும் தொடங்கியது. இரண்டு குரல்கள். ஒரே வசனம். இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி அல்ல. அவருடைய காதுக்குள். அவர் இன்னும் கத்தினார். அடித்துப் பேசினார். ஷாப் ஃப்ளோரில் தோல் சுழற்றும் டிரம் ஓசையை மீறிக் கத்துகிற மாதிரி கத்தினார்.

அது பாதி வார்த்தையில் நின்றது.

அவர் மட்டும் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

மௌனம்.

நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டார். ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

மூவரும் கண்ணை மூடி, கை கூப்பி, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் இன்னொருமுறை சொன்னார். நிதானமாக. தெளிவாக. மூவரும் காத்திருந்தார்கள். "ஆமென்" என்று தானே சொன்னார். காத்திருந்தார்கள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் விழுந்து சுரீரென்றது. தீய்ந்த பால் நாற்றம் கூடம் முழுக்க வந்தது. ஜெயபுஷ்பத்தின் மூக்குகூட அசையவில்லை.

"கிரேஸி."

இல்லை.

"மாப்ளே. போதும். கண்ணைத் தொறங்க."

இல்லை. கிருபானந்தத்தின் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. உதட்டின் மேல் நடந்தது. கண் இமைக்கு ஏறியது. அவர் காத்திருந்தார்.

சத்தியநாதன் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார். கூப்பிய கை பிரிந்து மடியில் விழுந்தது. மெதுவாக எழுந்து மறுபடி கூப்பிக்கொண்டது.

அவளுடைய மூடிய இமைகளுக்குள் கண்கள் நகர்ந்தன. அவர் பக்கமாக. அவரைத் தாண்டி.

"அண்ணா" என்றாள். அப்படி ஒரு பிரியத்தை அவர் இந்த நாலு நாளில் அவள் குரலில் கேட்டதில்லை. "அண்ணா, அந்த ஆள் போய்ட்டாரா?"

எந்த ஆள் என்று கேட்கப் போனார்.

நாக்கு எழவில்லை.

தொண்டையில் ஏதோ இடம் பார்த்து உட்கார்ந்தது. நெஞ்சு தானாக விரிந்தது. மூச்சு உள்ளே போயிற்று. அவர் இழுக்காத மூச்சு.

"போய்ட்டான் பாப்பா" என்றது அவருடைய வாய்.

"ஆமென்" என்றார்கள் மூவரும். கண்ணைத் திறந்தார்கள். கிரேஸி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிருபானந்தம் பாயிலேயே தவழ்ந்து வந்து அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், சதைதானா என்று பார்க்கிற மாதிரி. ஜெயபுஷ்பம் இரண்டு கையாலும் அவர் முகத்தை ஏந்தி, மூக்கை, காதை, நரைத்த கிருதாவை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"வயசாயிடுச்சுடா உனக்கு" என்றாள்.

சத்தியநாதனின் கை, அவர் சொல்லாமலே உயர்ந்து, அவள் கண்ணீரைத் துடைத்தது. அவர் கத்தினார். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, தங்கையின் பெயரைச் சொல்லி, மறுபடி மறுபடி கத்தினார். அவள் ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதடு பிரியவில்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.