பக்கத்துக் கோடு

திரையில் வந்த வரியில் ஒரு பிழைகூட இல்லை.

'உயிரோடதான் இருக்கேன். கால்ல அடி. பயப்படாதே.'

அவள் கணவன் தட்டினால் அப்படி வராது. அவனுடைய தடித்த விரல்களுக்கு ஒரு பொத்தானைத் தொட்டால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். 'சாப்பிட்டியா' என்பதை இன்றுவரை அவன் ஒழுங்காக அனுப்பியதில்லை என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். ஆனால் மழையில் மலை சரிந்து பாதை மூடிய பிறகு அவனிடமிருந்து வந்த முதல் சொற்கள் இவை. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மலை உச்சியில் இருக்கும் கோபுரங்களைப் பழுது பார்ப்பவன் அவன். கைக்கடக்கமான ரேடியோ ஒன்று எப்போதும் பையில் இருக்கும். குரல் எட்டாத தூரத்துக்கும் எழுத்து எட்டும்: தட்டிய எழுத்துகள் நடுங்கும் மெல்லிய விசிலாகக் காற்றில் வரும், வீட்டுக் கணினி அதை மறுபடி எழுத்தாக்கும். திரையில் ஒவ்வொரு விசிலும் ஒரு கோடு; எந்தக் கோட்டைத் தொடுகிறோமோ அதன் எழுத்து வரும்.

மதியமே இருட்டிவிட்டிருந்தது. பின்னறை முழுக்கச் சூடேறிய ரேடியோப் பெட்டியின் வாடையும் ஜன்னல் வழியே வந்த ஈரச் சுவரின் வாடையும் கலந்து நிற்க, கூரையில் விழும் மழையையும் ஒலிபெருக்கியின் இரைச்சலையும் காதால் பிரிக்க முடியாமல், திரையில் மேலிருந்து கீழே வழியும் நீலத்தில் அவனுடைய ஒற்றை மஞ்சள் கோட்டை மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ பலமான ஒரு நிலையம் முழங்கும்போதெல்லாம் ரேடியோ தானாகவே தன் காதைப் பொத்திக்கொண்டது. அவன் கோடு மங்கிப்போனது, எழுத்துகள் குப்பையாகச் சிதறின.

பக்கத்துச் சத்தங்களை வெட்டும் ஃபில்டரைக் குறுக்கினாள். மூவாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து ஐந்நூறு. போதவில்லை. இருநூறு. முழக்கம் அறுந்தது. திரையின் இரு பக்கமும் கறுத்துப்போய், நடுவில் ஒரு கீற்று மட்டும் மிஞ்சியது. அதில் அவன் மட்டும்.

'எங்க இருக்கீங்க?' என்று தட்டினாள்.

'பழைய கல்குவாரி. உள்ளே வரச் சொல்லு.'

அடிவாரத்தில் ஜீப் டிரைவரோடும் மீட்புக்காரர்கள் இரண்டு பேரோடும் காத்திருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"குவாரியாம்ப்பா. உள்ள இருக்காராம்."

"அது அண்ணன் போற வழியே இல்லையே அண்ணி."

"அவரே சொல்றாருப்பா. சீக்கிரம் போ. போனை மட்டும் வெச்சிடாத."

போனை ஸ்பீக்கரில் போட்டு ரேடியோவின் பக்கத்தில் வைத்தாள். ஜீப் முனகிக்கொண்டே ஏறியது.

'எத்தனை பேர் வராங்க?' என்று வந்தது திரையில்.

'நாலு பேர்,' என்று தட்டினாள்.

'நல்லது. வண்டியை வெளியே விட்டுட்டு வரச் சொல்லு.'

சொன்னாள். அவன் கேட்டதையெல்லாம் சொன்னாள். பிறகு, மனைவிக்குக் கேட்கத் தோன்றுவதைக் கேட்டாள்.

'ரொம்ப வலிக்குதா?'

கோடு நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது.

'எது?'

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றன. கால் என்று எழுதியவன் அவன். எது என்று கேட்பவனும் அவன்.

தயங்கித் தயங்கி ஃபில்டரை அகலமாகத் திறந்தாள். முழக்கம் திரும்பி வந்து அறையை அடைத்தது. அவன் கோடு மங்க வேண்டும். மங்கவில்லை. இதுவரை கறுத்துக் கிடந்த பக்கத்தில், அதை ஒட்டினாற்போல் இன்னொரு கோடு. அதே நடுக்கம். அதே மஞ்சள்.

அதைத் தொட்டாள்.

'அண்ணி, குவாரி வாசல்ல நிக்கிறோம்.'

படித்து முடித்த பிறகுதான் போனில் கொழுந்தன் குரல் வந்தது.

"அண்ணி, குவாரி வாசல்ல நிக்கிறோம்."

திரை அடுத்த வரியை எழுதியது.

'அண்ணன் உள்ள நின்னு கை காட்டுறாரு.'

"அண்ணன் உள்ள நின்னு கை காட்டுறாரு." சந்தோஷத்தில் அவன் குரல் உடைந்தது.

"போகாத. தம்பி, அது அவர் இல்ல. திரும்பி வா. உன் கால்ல விழறேன், திரும்பி வந்துடு."

'கேக்கல அண்ணி.'

"கேக்கல அண்ணி."

"எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு. தம்பி. தம்பி."

போனில் சரளைக் கற்களை மிதிக்கும் சத்தம். பல கால்கள். பிறகு குறைந்த கால்கள். பிறகு ஒரே ஒருவனின் நடை.

அதுவும் நின்றது.

அவள் எழுந்து ஆன்டெனா வயரை இரு கையாலும் பிடுங்கினாள். முழக்கம் போயிற்று. இரைச்சல் போயிற்று. நீலம் வடிந்து திரை முழுக்கக் கறுத்தது.

கோடுகள் போகவில்லை. கணவனுடையது. கொழுந்தனுடையது. அவற்றின் பக்கத்தில் இன்னும் மூன்று. கறுப்பில் நேராக, நெருக்கமாக.

போனில் மூச்சு இல்லை. காற்று இல்லை. மெல்லிய, நடுங்கும் விசில்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. ஐந்து கோடுகளுக்கு அப்பால், திரையின் ஓரத்தில், மங்கலாக ஆறாவது கோடு ஒன்று முளைத்தது. அவள் அதைத் தொடவில்லை. எழுத்துகள் தாமாகவே வந்தன.

'யாரு நீங்க.'

வாயைப் பொத்திக்கொண்டாள். பற்களைக் கடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன.

"யாரு நீங்க," என்றாள்.

திரை அடுத்த வரியை எழுதத் தொடங்கியது.