துணி வெட்டும் கத்தரி

கடை ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. வெளியே பளீரென்று வெயில். உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கட்டியது போல இருட்டு, பசையும் காகிதமும் கலந்த வாசனை. அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பைக்குள் பன்னிரண்டு போட்டோக்கள் இருந்தன.

அவள் ஒரு குழந்தைக்குச் சித்தி. அக்கா, அந்தக் குழந்தையின் அம்மா, இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் அவளுக்கு வேறு வேலையும் இல்லை, வேறு நினைப்பும் இல்லை.

"கையால செய்யற ஆல்பத்துக்கு சாமான் வேணும். நாளைக்கு எங்க பொண்ணுக்குப் பிறந்தநாள்," என்றாள்.

கடைக்காரம்மா மூன்று ஆல்பங்களை எடுத்து மேசையில் போட்டார். ஒன்றில் பிளாஸ்டிக் உறைகள். "இதுல போட்டோவைச் சொருகி அடைச்சு வைக்கலாம். கையால செஞ்ச மாதிரியே இருக்காது," என்று அவரே ஒதுக்கினார். அடுத்தது திருகாணி வைத்தது. பக்கங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றாவது தைத்துக் கட்டியது, கெட்டிக் கறுப்புத் தாள், பன்னிரண்டு பக்கம். சித்தி அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள். அக்கா தையல்காரி. இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பாள். சித்தியும் அதையே எடுத்தாள்.

பிறகு மூலைகளைப் பிடிக்கும் ஸ்டிக்கர், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், தங்க நட்சத்திரங்கள், ஓரத்தை அலை அலையாக வெட்டும் டிசைன் கத்தரி.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ஒரிஜினல்ல மட்டும் கத்தரி வைக்காதீங்க. காப்பி எடுத்து அதை வெட்டுங்க. வெட்டினது வெட்டினதுதான்."

தலையைத் தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்தாள். காப்பி எடுக்க ஏது நேரம்? பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தையை ஆறு மணிக்கு அழைத்து வர வேண்டும்.

அக்கா போன நாளிலிருந்து குழந்தை வாயே திறக்கவில்லை. அழுவதுகூடச் சத்தமில்லாமல்தான். அம்மாவின் முகத்தைப் படத்தில் பார்த்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. டாக்டர் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தையாவது வரவில்லை என்றால், பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று எங்கோ தொலைவில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். அப்பா என்று ஒருவர் எப்போதோ கழன்றுகொண்டார். பிள்ளையும் போய்விட்டால் சித்தி அந்த வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும்.

அதனால்தான் இந்த ஆல்பம். குழந்தை சிரித்த படங்கள் மட்டும், அம்மா இல்லாமல். உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை. வரப்போகும் முதல் வார்த்தை 'அம்மா' என்று இருக்க வேண்டும், அதுவும் தன் முகத்தைப் பார்த்து வர வேண்டும்.

மாலை நாலரை. மேசையில் போட்டோக்களைப் பரப்பினாள். பதினொன்றில் அக்கா இருந்தாள். டிசைன் கத்தரி சுத்த மொக்கை. முதல் படத்திலேயே தாளைச் சவைத்தது. சித்தி எழுந்து போய்த் தையல் மெஷினின் டிராயரை இழுத்தாள்.

அக்காவின் கத்தரி அதில் இருந்தது. கனமானது, கறுப்புப் பிடி.

"துணிக் கத்தரியில பேப்பர் வெட்டின, கையை ஒடிச்சிடுவேன்டி!" அக்காவின் பழைய மிரட்டல். காகிதம் பட்டால் கூர் போய்விடும், அப்புறம் துணியைக் கடிக்கும் என்பாள். வீட்டில் மற்ற எதைத் தொட்டாலும் சிரிப்பாள், இதைத் தொட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"மன்னிச்சுக்கோக்கா," என்று சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

வெண்ணெயில் இறங்குவது போல வெட்டியது. அக்காவின் முகம், கழுத்து, தோள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கையை மட்டும் வெட்ட முடியவில்லை. எல்லாப் படத்திலும் அக்காவின் கை குழந்தையின் தோளிலோ கன்னத்திலோ இருந்தது. அதை வெட்டினால் பிள்ளையையும் வெட்ட வேண்டும். ஆள்காட்டி விரல் நகம் பிளந்திருக்கும், ஊசி ஏறிய தழும்பு. ஒவ்வொரு கையின் மேலும் ஒரு தங்க நட்சத்திரத்தை ஒட்டி மறைத்தாள்.

எட்டாவது படத்தை வெட்டும்போது மெஷின் எண்ணெய் வாசனை வந்தது.

டிராயர் திறந்திருப்பதால் என்று நினைத்தாள்.

திரும்பிப் பார்த்தாள். டிராயர் மூடியிருந்தது.

அவள் மூடவில்லை.

மீதியை வெட்டி முடித்தாள். கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவது படத்தை ஒட்டினாள். போன மாதம் பக்கத்து வீட்டம்மா எடுத்தது. சித்தியும் குழந்தையும் மட்டும், வெட்டத் தேவையே இல்லாத படம். வெட்டிய துண்டுகளை அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டாள். காலையில் கூடையைத் தெருத் தொட்டியில் கொட்டினாள். குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணி. சன்னல் நிறைய வெளிச்சம். குழந்தை ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டது. சித்தி எதிரே மண்டியிட்டு அதன் வாயையே பார்த்தாள். ஒரு வார்த்தை, கண்ணு. ஒரே ஒரு வார்த்தை.

முதல் பக்கம் திரும்பியது.

நட்சத்திரம் இல்லை. தோளில் கை மட்டும் இருந்தது.

இரண்டாம் பக்கத்திலும் இல்லை. மூன்றாவதிலும். தாளில் பசையின் தடம்கூட இல்லை. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, அடர்த்தியாக, மெஷின் எண்ணெய் வாசனை.

"அது வேணாம் கண்ணு, சித்திகிட்ட குடு," என்று கையை நீட்டினாள்.

குழந்தை தரவில்லை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தது.

அந்தப் படத்தில் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்கள். ஆனால் ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்திருந்தது. பிளந்த நகம். அது குழந்தையைத் தொடவில்லை. சித்தியின் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

குழந்தை நிமிர்ந்தது. எட்டு மாதமாகத் திறக்காத வாய் திறந்தது. குரல் குழந்தையின் குரல்தான்.

"ஏன்டி, என் கத்தரியிலயா பேப்பர் வெட்டின?"

உலகத்திலேயே சித்தியை 'ஏன்டி' என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

"அக்கா..." என்றாள். "அக்கா, குழந்தையை விட்டுடு. தப்பு என்னோடதுதான். அவளைப் பேச விடுக்கா, உன் கால்ல விழறேன்."

குழந்தை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, துணியை அளவு பார்ப்பது போல.

"மிச்சத்தை எங்கடி போட்ட?"

சித்தி தெருவுக்கு ஓடினாள். குப்பைத் தொட்டி கழுவிக் கவிழ்த்தது போலக் காலியாக இருந்தது. வெறும் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி அழுதாள்.

திங்கட்கிழமை டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "நல்லாப் பேசுறாளேம்மா! இனிமே எங்கேயும் அனுப்ப வேண்டாம். உங்ககூடவே இருக்கட்டும்," என்றார். பிறகு சித்தியின் வலது கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தார். "இது எப்படி ஆச்சு?"

சித்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.