அரை மூச்சுக்காரர்கள்

காலையில் எழுந்ததும் ஞானப்பூ அன்றைய காற்றை வாங்கக் கதவின் முன்னால் போய் நின்றாள். செவ்வாய்க் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. பல் துலக்குவதெல்லாம் அப்புறம்.

"உன் நம்பிக்கை யார் மேல்?" என்று கதவு கேட்டது.

"ஆட்சிமன்றத்தின் மேல்" என்றால் முழுக் காற்று. வேறு யார் பெயரைச் சொன்னாலும் காற்றே கிடையாது. ஒப்புக்குச் சொல்லித் தப்பவும் வழியில்லை. காதுக்குப் பின்னால் பதித்திருந்த மெய்ப்பொறி, பொய் நாக்குக்கு வரும்போதே பிடித்துவிடும். வாய் திறக்காமல் நின்றால் பாதிக் காற்று. ஞானப்பூவும் அவள் கணவன் வேதமுத்துவும் கல்யாணமான நாளிலிருந்தே வாய் திறக்கவில்லை. குடியிருப்பு அவர்களை அரை மூச்சுக்காரர்கள் என்று கேலி பேசியது. மாடிப்படி ஏறினால் இருவருக்கும் கண் இருட்டிக்கொண்டு வரும்.

தனித்தனியே மௌனமாக இருந்தால் அரைக் காற்றோடு போயிற்று. கூடி ஜெபித்தால் சாவு. ஆனாலும் கூடினார்கள். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில், விளக்கில்லாமல். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது, ஊரையும் கேட்கக் கூடாது. பிடிபட்டால் தெரியாது என்று உண்மையாகவே சொல்ல வேண்டுமே!

சுரங்கத்தில் மூச்சுவிடத் தக்க காற்று கிடையாது. அவரவர் பாதிக் காற்றிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்துப் புட்டியில் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே குழாய். அது வாய்க்கு வாய் போகும். எச்சிலைத் துடைக்க யாரும் நினைத்ததில்லை. ஞானப்பூவுக்கு முன்னால் உட்காருகிறவர் குழாயின் நுனியைக் கடித்தே கொடுப்பார். உடைந்த முன்பல்லின் தடம் அவள் நாக்கில் தட்டுப்படும்.

"இன்னும் ரெண்டு மூச்சு இழுத்துக்கோங்க தங்கச்சி, எனக்குப் போதும்" என்று இருட்டுக்குள் கிசுகிசுப்பார். யாரென்று அவளுக்குத் தெரியாது. கூடப் பிறந்தவர் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காவல் இயந்திரங்கள் வந்துவிட்டன. வேதமுத்து சுரங்கக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றான். மற்றவர்கள் பின்வழியாகத் தப்பினார்கள். "கூட இருந்தது யார்?" என்று கேட்டுக் கேட்டு அவன் காற்றைக் குறைத்தார்கள். மற்றவர்களைத் தெரியாது என்றான். தெரிந்த ஒருத்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்படியே செத்தான். அவனைப் போலச் செத்தவர்களோடு சேர்த்து, குடியிருப்பை மூடியிருந்த காற்றுக் கூடாரத்துக்கு வெளியே ஒரு பள்ளத்தில் தள்ளி மூடினார்கள்.

பிறகு ஆட்சி கவிழ்ந்தது. மெய்ப்பொறிகளைக் கழற்றிக் குப்பையில் வீசினார்கள். முதல்முறை முழு மூச்சு இழுத்தபோது ஞானப்பூ தலைசுற்றி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இந்த மூச்சில் பாதி அவனுடையது அல்லவா?

ஆலயம் எழும்பியது. பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். ரத்தசாட்சிகளைப் பள்ளத்திலிருந்து எடுத்துவந்து மரியாதையாக அடக்கம் செய்யப்போவதாகச் சபைக் கமிட்டி அறிவித்தது. அவன் பெயர் எழுதிய ஒரு சிலுவை. ஞானப்பூ கேட்டதெல்லாம் அவ்வளவுதான். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள்.

கமிட்டிச் செயலாளர் ஆசீர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க தங்கச்சி. உங்க வீட்டுக்காரராலதான் நாங்கள்லாம் இன்னிக்கு உயிரோட இருக்கோம்."

அவர் கண் கலங்கியது. அதில் நடிப்பில்லை. உட்கார்ந்து பேனாவின் நுனியைக் கடித்தார். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. ஞானப்பூவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணே, நீங்களா என்று கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் கேட்டார். "பூமியில உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?"

"நெடுங்கரை. எதுக்குண்ணே?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான். அட, நம்ம ஆளுக அங்க நிறைய உண்டே! கோயிலுக்கு வடக்கயா, தெக்கயா?"

ஜன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டம் தெரிந்தது. நடுவே குறுக்காக ஒரு கண்ணாடிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கண்ணாடி எதுக்கு?"

"அது... பெரியவங்க மனசு கோணக் கூடாதுல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மண்ணுதான், ஒரே சிலுவைதான்."

மூன்று தலைமுறையாகச் செவ்வாயில் பிறந்த கூட்டம். நெடுங்கரையையோ அதன் கோயிலையோ கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. சாதி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவும் இல்லை. ஞானப்பூ தினமும் கதவின் முன்னால் நின்றதுபோல வாய் திறக்காமல் நின்றாள்.

"சொல்லுங்கம்மா. சொல்லாட்டி எந்தப் பக்கம்னு எப்படி இடம் ஒதுக்க?"

தங்கச்சி அதற்குள் அம்மாவாகிவிட்டாள்.

"உங்க பல்லுத் தடம் பட்ட குழாயிலதான் நான் மூச்சு விட்டேன்" என்றாள் ஞானப்பூ. "அப்ப நீங்க வடக்கா தெக்கான்னு கேக்கலியே?"

ஆசீர் பேனாவை வாயிலிருந்து எடுத்தார்.

"அது கஷ்ட காலம்மா" என்றார். "இப்ப அப்படியா?"

ஞானப்பூ வெளியே வந்தாள். காற்று முகமூடியை மாட்டிக்கொண்டு கூடாரத்தைத் தாண்டி நடந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் கனத்த கல் இரண்டைத் தேடியெடுத்து ஒன்றின் குறுக்கே ஒன்றாக வைத்தாள்.

"நீங்க இங்கனயே படுத்திருங்க" என்றாள்.

பழைய ஆட்சி யாரிடமும் ஊர் கேட்காமல் எல்லாரையும் ஒன்றாகத்தான் புதைத்திருந்தது.