சோற்றில் கண்ட சிவப்பு

1934ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸில் கார்த்திகேசுவின் வீட்டு வாசலில் வீரம்மா மழையில் நனைந்தபடி நின்றாள். அவளை அழைத்து வந்தவர் கார்த்திகேசுவின் பக்கத்து வீட்டுத் தபால்காரர் சபாபதி. துப்புத் துலக்குவது என்றால் சபாபதிக்குக் காலைப் பசியாறல்கூட வேண்டாம்.

கார்த்திகேசு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். போலீஸார் அனுப்பும் கறைபட்ட துணிகள் அவர் கையில்தான் வந்து சேரும். அவர் வீரம்மாவுக்குத் துண்டு ஒன்றைக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அவள் தம்பி சின்னையா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்பவன். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் தனியாகக் குடியிருந்தான். புதன்கிழமை மாலை கள்ளுக்கடையில் அவனுக்கும் அவள் கணவன் ரெங்கசாமிக்கும் பெரிய சண்டை. தாலியறுத்த ஒருத்தியைக் கட்டப்போவதாகச் சின்னையா சொல்ல, கட்டினால் வெட்டிப்போடுவேன் என்று ரெங்கசாமி எல்லோர் முன்னாலும் கத்தினான். மறுநாளிலிருந்து சின்னையாவைக் காணோம். சனிக்கிழமை காலை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆள் வைத்துப் பூட்டை உடைத்தபோது, உள்ளே சோற்றுத் தட்டிலும் துணியிலும் ரத்தம். சவரக் கத்தியும் இல்லை. மாலைக்குள் ரெங்கசாமி லாக்கப்பில்.

"தம்பி செத்துட்டான்னு அழுவுறதா, புருசன் கொன்னுட்டாருன்னு அழுவுறதா, எனக்குத் தெரியலைங்க ஐயா," என்றாள் வீரம்மா. நான்கு நாளாக அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

மூவரும் லைன் வீட்டுக்குப் போனார்கள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளுக்குக் கார்த்திகேசுவைத் தெரியும்; நாளை அவரிடம் போகவேண்டிய பொருள்கள்தானே என்று உள்ளே விட்டார்.

அறை சிறியது. கூரை ஒழுகிச் சுவர்கள் ஈரம் கோத்திருந்தன. பலகைமேல் தொடாத சோற்றுத் தட்டு. சோற்றில் சிவப்புத் துளிகள் பளபளத்தன. கஞ்சி வடித்த துணியிலும் அதே சிவப்பு. பாயில் சிந்திய நாலைந்து பருக்கைகளும் சிவந்திருந்தன. கார்த்திகேசு முழங்காலிட்டுப் பாயையும், பலகையையும், மண்தரையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளிடம், நேற்றும் துளிகள் இதே அளவில்தான் இருந்தனவா என்று கேட்டார். நேற்று கடுகளவு இருந்தது, இன்று மிளகளவு தெரிகிறது என்றார் அவர், அதில் விசேஷம் எதுவும் காணாமல்.

வேறு என்ன காணோம் என்று கார்த்திகேசு வீரம்மாவைப் பார்க்கச் சொன்னார். அவள் தகரப் பெட்டியைத் திறந்து தேடினாள். பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையும் இல்லை. பின்பக்கம் கோழிக் கூண்டில் அரிசி நொய் குவியலாகக் கிடந்தது. இரண்டு சிரட்டையில் தண்ணீர்.

சபாபதிக்குப் பொறுக்கவில்லை. யாரோ குங்குமத்தைக் கரைத்துத் தெளித்து ரெங்கசாமியை மாட்டிவிட்டார்கள் என்றார். கார்த்திகேசு ஒரு பருக்கைமேல் எலுமிச்சைச் சாறு விட்டார். குங்குமமாக இருந்தால் மஞ்சளாகிவிடும். இது இன்னும் சிவந்தது. அடுத்து அவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்த பருக்கைதான் மஞ்சளித்தது.

அன்று பிற்பகலே ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். இரண்டிலும் ஸ்பிரிட். ஒன்றில் பாசாரில் வாங்கிய கோழி ரத்தம் தோய்ந்த துணி. மற்றதில் லைன் வீட்டுத் துணியின் ஒரு துண்டு. கோழி ரத்தம் பழுப்பாகி இறுகித் துணியிலேயே நின்றது. மற்றக் கிண்ணத்தில் சாயம் கழன்று ஸ்பிரிட் முழுவதும் ரோஜா நிறமாயிற்று.

"ரத்தமெண்டால் மூண்டு நாளில் கறுத்துப்போயிருக்கும். இது கறுக்கேல்ல, வளர்ந்திருக்கு," என்றார் கார்த்திகேசு. "சோறும் கஞ்சியும் பட்ட இடத்தில மட்டும்தான் சிவப்பு. வெறும் பாயில இல்லை, பலகையில இல்லை. ரத்தம் சோத்தை மட்டும் தேடிப்பிடிச்சு விழாது, ஐயா."

"அப்ப என்ன இது?"

"ஒரு கிருமி. காத்தில வந்து விழும். ஈரச் சோறு கிடைச்சால் இந்தச் சாயத்தை உண்டாக்கும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில உருளைக்கிழங்குத் துண்டில வளர்க்கிறதே இதைத்தான்."

சின்னையா எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கார்த்திகேசு நிதானமாகச் சொன்னார்: சண்டை போட்டு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. விடியுமுன் கோழிகளுக்குப் பல நாள் தீனி வைத்துவிட்டு, பட்டுக்கரை வேட்டியையும் சவரக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். கத்தி கொலைக்கு அல்ல, முகம் மழிக்க. அவன் மாப்பிள்ளையாகப் போனவன்.

அதுவரை அடக்கமாக நின்ற சபாபதி அப்போது தலையில் கை வைத்தார். சின்னையாவுக்கு மாதம் இரண்டு கடிதம் பந்திங் தபால் முத்திரையோடு வரும்; தானே கொண்டுபோய்க் கொடுத்தும் நினைவுக்கு வரவில்லையே என்றார்.

இன்ஸ்பெக்டர் பந்திங் ஸ்டேஷனுக்கு டெலிபோன் செய்தார். மாலை பதில் வந்தது. அன்று காலை ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலில், தங்கமணி என்ற பால்மரத் தொழிலாளிக்குச் சின்னையா தாலி கட்டியிருந்தான்.

திங்கட்கிழமை நடுப்பகல், கிள்ளான் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து புதுத் தம்பதி இறங்கி நேராக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வீரம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். பிறகு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரென்று யாரும் சொல்லாமலே தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லாக்கப்பிலிருந்து வெளியே வந்த ரெங்கசாமி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். மைத்துனனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் லா, மாப்ள."

"சொன்னா விட்டிருப்பீங்களா, மாமா?"

ரெங்கசாமி யோசித்தான். வராந்தாவில் கைகோத்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் பார்த்தான்.

"மாட்டேன்," என்றான். "நீ செஞ்சதுதான் சரி."