ஒட்டிக்கொண்டு வந்தவள்

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளை ஷூக்களைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் மருமகள் தேடிவிட்டாள். பஸ் வரும் நேரம். இன்னொரு முறை தாமதமானால் வேலை இருக்காது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் வீட்டில் உள்ள மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஹாலில் டிவியில் இந்த நாட்டு மந்திரி முழங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்தபோது, வெளிநாட்டு நர்ஸுகள்தான் எங்கள் கைகள் என்று குழைந்த அதே மனிதர். தேர்தல் வந்ததும் நாக்கு புரண்டுவிட்டது. வந்தவர்கள் போதும் என்கிறார்.

மாமியாருக்கு இந்த ஊர் மொழி தெரியாது. மகன்தான் அர்த்தம் சொல்வான், தனக்கு வசதியான அர்த்தமாக.

"அத்தை, என் ஷூவைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன? ஒளிச்சு வெச்சதே நான்தான்."

"அத்தை..."

"காலு வீங்கிக் கெடக்கு, அப்பவும் ஓடணுமா? என் புள்ள சம்பாத்தியம் உனக்குப் பத்தலையா? திறமை இருக்குன்னு அவனைக் கூப்பிட்டாங்க. நீ அவன் விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவ. ஒட்டிக்கிட்டு வந்தவ அடங்கித்தான் இருக்கணும்."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கணவன் வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே' என்று கெஞ்சியவன் இப்போது தரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"செருப்போட போனா உள்ளயே விடமாட்டாங்கம்மா," என்றான் அவன். "ஷூவைக் குடுத்துடுங்க. விசா அவளோடது. படிச்சு, பரீட்சை எழுதி அவதான் வாங்கினா. ஒட்டிக்கிட்டு வந்தது... நான்."

மாமியார் தன் பையைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஷூக்களை எடுத்தாள்.

"எத்தனை பேசினேன்... ஒரு நாள் எதிர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன் அத்தை."

மாமியார் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு விசும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பி டிவியைக் காட்டினாள்.

"அந்த ஆளு என்னடா சொல்றான்? இந்தத் தடவையாவது நெசத்தைச் சொல்லு."

"நம்மளைத் திருப்பி அனுப்பிடுவேன்னு சொல்றான்மா."

மாமியார் டிவியை அணைத்தாள். "அவன் சொல்லிட்டுக் கெடக்கட்டும். நீ ஓடும்மா, பஸ் போயிடும்."

அவள் ஷூக்களை மாட்டிக்கொண்டு ஓடினாள். "லேஸைக் கட்டிக்கோ, விழுந்து வெக்காதே," என்ற குரல் மாடிப்படி முழுக்கக் கூடவே வந்தது. பஸ்ஸில் இடம் பிடித்து, குனிந்து லேஸைக் கட்டும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.