லேட்டாக வந்த கிரகணம்

நாட்டின் கிழக்குப் பக்கத்தில் உள்ள தெர்னாத்தே தீவின் கடலோரத்தில் ருகாயாவின் தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் எட்டு மணிக்கு வரச் சொன்னால் எல்லாரும் பத்து மணிக்குத்தான் வருவார்கள். ஏன் என்று கேட்டால், "இது ரப்பர் நேரம்! இழுத்தா நீளும்" என்று சிரிப்பார்கள். கடைக்காரர் தஸ்லிம் மாமா தன் மகள் கல்யாணத்துக்கே இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவர். பெண்ணின் அப்பா இல்லாமல் கல்யாணத்தை எப்படி நடத்துவது? மாப்பிள்ளை வீட்டார் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட தெரு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஒன்பது இருபதுக்குத் தஸ்லிம் மாமா கடை முன்னால் கூடி நின்றது. அந்த அதிசயத்தைச் செய்தவள் ஐந்தாம் வகுப்பு ருகாயா. "நிலா ரப்பர் வாட்ச் கட்டிக்கிறதில்ல. ஒரு நிமிஷம் லேட்டானாலும் போச்சு!" என்று ஒரு வாரமாக வீடு வீடாகப் போய் நச்சரித்திருந்தாள்.

கடை வாசல் கரும்பலகையில் நேரத்தை எழுதியது அவளுடைய தோழி விதுரி. விதுரியின் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். மாற்றலாகி, மகளோடு இங்கே வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அப்பா மட்டும் தூரத்து மேற்கே, பாண்டுங் நகரத்திலேயே வேலை பார்க்கிறார். தெருவில் யாருக்கும் விதுரியின் பெயர் தெரியாது. 'பாண்டுங் பொண்ணு' என்றுதான் சொல்வார்கள்.

"நீயே எழுது. கீழே உன் பேரையும் போடு. அப்பதான் எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லி எழுத வைத்தவள் ருகாயாதான்.

'சூரிய கிரகணம். தொடக்கம் 9.20. இப்படிக்கு, விதுரி' என்று அழகாக எழுதியிருந்தது.

மீனவர்கள் படகைக் கரையேற்றிவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் காயப்போட்ட ஜாதிக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் மூங்கில் துண்டோ, சட்டியோ, மூடியோ இருந்தது. சூரியன் கடிபட்டதும் தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். பிள்ளைகள் ஊசியால் துளை போட்ட அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, தரையில் விழுந்த குட்டிச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதரை ஆனது. ஒன்பதே முக்கால் ஆனது. குட்டிச் சூரியன் முழுசாக, தோசை போல வட்டமாகவே கிடந்தது.

"என்னப்பா, கிரகணம் வர்ற வழியில டீ குடிக்க நின்னுடுச்சா?"

"நான் வலையை விட்டுட்டு வந்தேன். இனிமே எந்த மீன் எனக்காகக் காத்திருக்கும்?"

பத்து மணிக்குத் தஸ்லிம் மாமா கையிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டார். "பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான் நேரத்துக்கு வந்தேன். என்னைப் போய் ஏமாத்திட்டீங்களே!" என்று கடைக்குள் போய்விட்டார்.

"பாண்டுங் பொண்ணு, பாண்டுங் புளுகு!" என்று கத்தினான் எதிர்வீட்டு ஹம்சா. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

ருகாயா திரும்பிப் பார்த்தாள். விதுரியைக் காணவில்லை. தெரு முழுக்கத் தேடிக் கடைசியில் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் கண்டுபிடித்தாள். விதுரி இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கி மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கையில அடிபட்டுடுச்சா?"

விதுரி தலையாட்டி மறுத்தாள். மெல்லக் கையை எடுத்தாள். அவளுடைய வாட்சில் எட்டரை மணி.

"பத்தரை ஆச்சே! வாட்ச் ஓடலையா?"

"ஓடுது. பாண்டுங்ல இப்ப எட்டரை. நான் மாத்தவே இல்ல." விதுரி மூக்கை உறிஞ்சினாள். "அப்பா இப்ப என்ன செய்வார்னு பார்த்துக்குவேன். இப்ப துணி துவைச்சுக்கிட்டிருப்பார். ஸ்கூலுக்கு மட்டும் ரெண்டு மணி கூட்டிக்குவேன்."

ருகாயா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிரகணப் பட்டியலை அப்பாதான் அனுப்பினார். பாண்டுங் பேப்பர்ல வந்தது. உங்க ஊருக்கு நேரா 9.20ன்னு போட்டிருந்துச்சு. அது பாண்டுங் இருக்கிற மேற்குப் பக்கத்து நேரம். உங்க ஊருக்கு ரெண்டு மணி கூட்டியிருக்கணும். காலையில எல்லாரும் கூடி நிக்கிறப்ப வாட்சைப் பார்த்தேன். ஏழு இருபதுன்னு காட்டுச்சு. அப்பதான் தெரிஞ்சுது. பயத்துல சொல்ல வாயே வரல."

ருகாயா விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பது இருபதோட ரெண்டு. பதினொன்னு இருபது! அப்ப கிரகணம் இன்னும் வரவே இல்ல!"

"வந்தா என்ன? இனிமே யாரு வந்து பார்ப்பாங்க? நான் பாண்டுங்குக்கே போயிடறேன்."

விதுரி போய்விட்டால் வகுப்பில் ருகாயாவின் பெஞ்சில் பாதி காலியாகிவிடும். அதைவிட, பெயரைப் போடச் சொல்லி அவளை இந்த வம்பில் மாட்டிவிட்டதே தான்தானே! "எழுந்திரு. மாமாகிட்ட போய்ச் சொல்லுவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தஸ்லிம் மாமா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"தப்பு என்னோடதுதான் மாமா. மேற்கு நேரத்தை எழுதிட்டேன். பதினொன்னு இருபதுக்கு வரும். நிஜமா வரும்" என்றாள் விதுரி.

"ஒரு தடவை ஏமாந்தது போதும் மகளே."

ருகாயா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, உங்க வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தோமே, யாராவது எழுந்து போனோமா?"

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"எனக்குப் பசியில அழுகையே வந்துடுச்சு. 'மனுஷங்க முன்னபின்னதான் வருவாங்க, பொறு'ன்னு அம்மா சொன்னாங்க. விதுரியும் அதே ரெண்டு மணி நேரம்தான் லேட்டு. உங்களைவிட ஒரு நிமிஷம்கூட அதிகம் இல்ல!"

மாமா சிரிப்பை அடக்கப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்போது விதுரியின் பையில் இருந்த செல்போன் அடித்தது. அம்மா வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன போன் அது. எடுத்தால் அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"விதுரி! இங்க ஆரம்பிச்சிடுச்சும்மா! சூரியனோட ஓரத்தை யாரோ பிஸ்கட்டைக் கடிக்கிற மாதிரி கடிச்சிட்டாங்க!"

"நேரா பார்க்கலையே அப்பா?"

"அட்டையிலதான் பார்க்கறேன். நிழல் கிழக்கே உன் பக்கம்தான் போகுது. நான் பார்த்துட்டு உனக்கு அனுப்பறேன். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்து சேரும், வாங்கிக்கோ!"

தஸ்லிம் மாமா கத்தியைப் போட்டுவிட்டு மூங்கிலை எடுத்தார். செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

"எல்லாரும் வாங்க! பாண்டுங்லேருந்து கிரகணம் கிளம்பிடுச்சு!"

"எதுல வருது, கப்பல்லயா?" என்று ஒரு ஜன்னலிலிருந்து கேலி வந்தது.

"எதுலயோ வருது, நீ இறங்கி வா! என் மகள் கல்யாணத்துல காத்துக்கிட்டிருந்தியே, இந்தப் பொண்ணுக்காக ஒரு இருபது நிமிஷம் காத்திருக்க மாட்டியா?"

பாதித் தெருதான் வந்தது. ஹம்சாவும் வந்து, எட்டவே நின்றான்.

பதினொன்று இருபது. ருகாயா அட்டையைப் பிடித்தாள். தரையில் விழுந்த குட்டிச் சூரியனின் ஓரத்தில் ஒரு சின்ன மூலை காணாமல் போயிருந்தது.

மூங்கில்களும் சட்டிகளும் ஒரே நேரத்தில் முழங்கின. சத்தம் கேட்டு மீதித் தெருவும் கரண்டியும் கையுமாக ஓடிவந்தது. ஜாதிக்காய் மரத்தடியில் இலை இடுக்கு வழியாக நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்கள் விழுந்து ஆடின. சின்னப் பிள்ளைகள் அவற்றைக் கையில் ஏந்தப் பார்த்தார்கள். ஹம்சா விதுரியிடம் வந்து, "உன் அட்டையைக் கொஞ்சம் தர்றியா?" என்று கேட்டான். அவள் கொடுத்தாள்.

"அப்பா பார்த்த அதே சூரியன்" என்று விதுரி ருகாயாவின் காதில் சொன்னாள். அழுதுகொண்டே சிரித்தாள். ருகாயா அவள் கையை விடவே இல்லை.

எல்லாம் முடிந்தபோது கிட்டத்தட்ட இரண்டு மணி ஆகியிருந்தது. யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. மாமா சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்தார். முதல் தட்டை விதுரியிடம் நீட்டினார்.

"அடுத்த கிரகணம் எப்பன்னு அப்பாகிட்ட கேட்டு நீதான் சொல்லணும், விதுரி" என்றார்.

"சரியாச் சொல்லு தாயே!" என்று வலையை விட்டுவிட்டு வந்த மீனவர் குரல் கொடுத்தார். "அது உங்க நேரமா, எங்க நேரமா?"

தெருவே சிரித்தது. விதுரி பஜ்ஜியை மென்றுகொண்டே ஒரு கணம் யோசித்தாள்.

"நம்ம நேரம்" என்றாள்.