லாரன்ஸ் சாரிடம் ஓர் இடம் காலி

லேப்டாப்பில் நடக்கும் வகுப்பில் சாக்பீஸ் சத்தம் எப்படி வரும் என்று மேகலாவுக்கு முதலில் தோன்றவே இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். மந்தைவெளி ஃபிளாட்டின் சமையலறையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் காதில், மகள் நிலாவின் அறையிலிருந்து அந்தச் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது பல்லைக் கூசவைக்குமே அந்தக் கிறீச்சும், ஒரு வரி முடிந்ததும் மேஜையில் டொக் டொக் டொக் என்று மூன்று முறை தட்டுவதும். பட்டினப்பாக்கம் பக்கமிருந்து வந்த உப்புக் காற்றில், எங்கிருந்தோ அவள் படித்த பழைய வேதியியல் லேபின் அழுகின முட்டை வாடையும் கலந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நிலா லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் முகம் இல்லை. ‘டாக்டர் ரகுபதி’ என்ற பெயர் மட்டும் இருந்தது.

“இன்னாடி சத்தம் அது?”

“சார் போர்டுல எழுதறாரும்மா.”

“போர்டே காணோமே.”

“எனக்குத் தெரியுது,” என்றாள் நிலா, திரும்பாமலே.

மேகலாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பெயரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

‘மாலை வகுப்பு’ என்பது ஊர் ஊராக இருக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் இலவசமாகப் பாடம் எடுக்கும் குழு. மேகலாவும் அதில் வேதியியல் எடுக்கிறாள். புதிதாக வந்து சேர்ந்த இந்த ரகுபதி, பேராசிரியர் லாரன்ஸிடம் ஆய்வு செய்து இந்த வருஷம்தான் டாக்டர் பட்டம் வாங்கியதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். லாரன்ஸ் சாரின் கடைசி மாணவி மேகலா. சார் செத்து வருஷக்கணக்காகிறது. குழியில் பெட்டியை இறக்கியபோது மண் அள்ளிப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

அந்த டாக்டர் பட்டம் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரு வழிகாட்டி ஒரே சமயத்தில் இத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு; ஒருத்தர் வெளியே போனால்தான் இன்னொருத்தர் உள்ளே. அந்த ஓர் இடத்துக்காக சாரின் அறை வாசலில் தவம் கிடந்தாள். உள்ளே போனபிறகு அவர் வீட்டு கரண்ட் பில் கட்டினாள், அவர் பையனை ட்யூஷனுக்குக் கூட்டிப்போனாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அவள் அம்மா பச்சையம்மா, கடையில் இருப்பதிலேயே நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கி ஞாயிறுதோறும் சார் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். எழுதி முடித்த ஆய்வேடு அவர் மேஜையில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. எப்போது கேட்டாலும் சாக்பீஸால் மேஜையை மூன்று தட்டு தட்டிவிட்டு ஒரே பதில்தான். “கையெழுத்து போடறேன், மேகலா. அவசரப்படாதீங்க.”

இவ்வளவும் பட்டு வாங்கியதை எவனோ ஒருத்தன் பெயருக்கு முன்னால் சும்மா ஒட்டிக்கொள்வதா? அதே குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினாள்: ‘செத்துப்போனவர் எப்படி ஐயா உங்களுக்குக் கையெழுத்துப் போட்டார்?’

பதில் உடனே வந்தது. ‘போட்டுவிட்டார் மேடம். வைவா மட்டும்தான் பாக்கி. அது முடியாமல் சார் என்னை விடமாட்டார்.’

‘வைவாவே முடியாதவருக்கு டாக்டர் எதற்கு?’

‘வேறு எப்படி உங்கள் கண்ணில் படுவேன்?’

திமிரைப் பார் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வைவா என்பது எல்லார் முன்னிலையிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கடைசியில் தேர்வாளர் ‘தகுதி உண்டு’ என்று சொன்னால்தான் பட்டம். மிக்சரும் லட்டும் அப்புறம்தான். ‘நானே எடுக்கிறேன்’ என்று எழுதினாள். ‘சனிக்கிழமை சாயங்காலம், எல்லார் முன்னாடியும். உங்கள் கைடையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.’

அவனை அழவைத்து அனுப்புவதுதான் அவள் திட்டம்.

சனிக்கிழமையும் மழை விடவில்லை. கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிலா தன் அறைக்குள் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. குழுவினர் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ரகுபதியின் கட்டம் மட்டும் கறுப்பு. எடுத்த எடுப்பிலேயே தன் ஆய்வில் தன்னையே திணறவைத்த கேள்வியைப் போட்டாள். பதில் சொன்னான். அடுத்தது. சொன்னான். லேபில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஸ்டூலுக்குக் கால் ஆடும் என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். ஜன்னலோரத்து மூன்றாவது ஸ்டூல், மடித்த காகிதம் முட்டுக்கொடுத்திருக்கும் என்றான். அது அவள் உட்கார்ந்த ஸ்டூல். அந்தக் காகிதம் அவள் லேபில் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்தது.

கட்டங்களில் எல்லாரும் கைதட்டினார்கள். தோற்ற எரிச்சலில் மேகலாவுக்குக் காது சுட்டது.

“சரிப்பா. உனக்கு விஷயம் தெரியுது. தகுதி உண்டு. போதுமா?”

கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கன்னம் ஒட்டிப்போன முகம், அழுதுகொண்டே சிரித்தது.

“ரொம்ப நன்றி மேடம். சார் என்னை விட்டுட்டார்.”

கட்டம் மறைந்தது.

போனில் குல்ஷனின் குரல் செய்தி வந்து விழுந்தது. குல்ஷன் அவளோடு அதே லேபில் படித்தவள். ரகுபதி என்று யாராவது இருந்தானா என்று மேகலா காலையில்தான் அவளிடம் கேட்டிருந்தாள். “ஆமா மேகலா, நாம சேர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாராம். கையெழுத்துக்கு அலைஞ்சு அலைஞ்சு, கடைசில லேப்லயே தூக்கு மாட்டிக்கிட்டாராம். அந்த இடம் காலியானதுலதாண்டி உன்ன எடுத்தாரு.”

மேகலா நிமிர்ந்தாள். மற்ற முகங்கள் எல்லாம் கைதட்டிய நிலையில் அப்படியே உறைந்திருந்தன. ரகுபதி இருந்த இடத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கட்டம். பெயர்: லாரன்ஸ்.

“நல்லா நடத்தினீங்க மேகலா,” என்றது அந்த வறண்ட குரல். “இப்ப ஓர் இடம் காலி.”

டொக். டொக். டொக்.

லேப்டாப்பிலிருந்து இல்லை. நிலாவின் அறையிலிருந்து.

ஓடினாள். கதவு தாழிட்டிருக்கவில்லை, ஆனாலும் திறக்கவில்லை. தோளால் இடித்தாள். திறந்தது. முட்டை வாடை மூக்கைப் பிடுங்கியது. சுவரெல்லாம் வெள்ளை எழுத்து. தரையிலிருந்து கூரைவரை, பொடிப்பொடியாக, வரி வரியாக. நிலாவின் தலை மார்பில் தொங்கியது. கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது, தூங்குகிற மூச்சு. கால் விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடின. வலது கை மட்டும் மேலே நின்றது. விறைப்பாக. சாக்பீஸோடு. அந்த ஒரு கையில்தான் பிள்ளையின் உடம்பு மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் நாலு பள்ளம். விரல் பதிந்த பள்ளம். விரல்தான் இல்லை.

“யோவ், விடுய்யா! எம் புள்ளைய விடுய்யா! இன்னும் இன்னா வோணும் ஒனக்கு? எங்கம்மா குடுத்த மீன் பத்தலியா?”

கட்டிப்பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். கை வரவில்லை.

அந்தச் சின்னக் கை வரியை முடித்தது. பிள்ளையின் உடம்பையும் கூடவே சரியவிட்டு மேஜைக்கு இறங்கியது. மூன்று தட்டு தட்டியது.

“கையெழுத்து போடறேன், மேகலா,” என்றது கூடத்திலிருந்து அந்தக் குரல். “அவசரப்படாதீங்க.”

கை மறுபடி மேலே போய், அடுத்த வரியைத் தொடங்கியது.